பாறை நமது, கோடு எங்கே?

கேள்வி: பெட்ரா பிராங்கா பாறைத்தீவு சிங்கப்பூருக்கே என்று 2008இலேயே தீர்ப்பாகிவிட்டது. சுற்றிலும் 12 கடல் மைல் நமக்குத்தானே? ஏன் இன்னும் எல்லைக்கோடு இல்லை?
- ஈசூன் வாசகர்

பதில்: 12 கடல் மைல் (ஒன்று 1,852 மீட்டர்) என்பது உச்சவரம்பு. எதிரே நெருக்கத்தில் வேறு நாடு இல்லாத இடத்தில்தான் முழுதாகக் கிடைக்கும். பெட்ரா பிராங்காவுக்கு வடக்கே மலேசியாவின் ஜொகூர் 7.7 கடல் மைல், தெற்கே இந்தோனீசியாவின் பிந்தான் தீவு 7.6 கடல் மைல். இப்படி நெருக்கமான இடத்தில், உடன்பாடோ வரலாற்று உரிமையோ தனிச்சூழலோ இல்லாவிட்டால், நடுக்கோட்டைத் தாண்டக்கூடாது என்கிறது 1982 கடல் சட்ட உடன்படிக்கையின் 15ஆம் பிரிவு.

நடுக்கோடு போடுவது கேட்க எளிது. இரு கரைகளிலும் நீர் வற்றிய நிலையின் விளிம்பை அதிகாரபூர்வக் கடல் வரைபடத்திலிருந்து எடுத்து, இரண்டு பக்கமும் சம தூரத்தில் உள்ள புள்ளிகளை இணைக்க வேண்டும். நீண்ட கரையானாலும் துருத்திக்கொண்டிருக்கும் சில முனைகள்தான் கோட்டைத் தீர்மானிக்கும். அதனால் எந்த முனையைக் கணக்கில் சேர்ப்பது என்பதில்தான் சண்டையே.

இங்கே அது இன்னும் மோசம். 0.6 கடல் மைல் தள்ளியிருக்கும் மிடில் ராக்ஸ் பாறைகளை அதே தீர்ப்பு மலேசியாவுக்குக் கொடுத்தது. 2.2 கடல் மைல் தள்ளியிருக்கும் சவுத் லெட்ஜ், நீர் வற்றினால் மட்டுமே தலைகாட்டும் பாறை. அது யாருடைய கடலில் இருக்கிறதோ அவர்களுக்கே என்றது அனைத்துலக நீதிமன்றம். ஆனால் கடலைப் பிரிக்கும் பொறுப்பை இரு நாடுகளும் அதனிடம் கொடுக்கவில்லை. கோடு இருந்தால்தான் பாறை யாருடையது என்று தெரியும்; பாறை யாருடையது என்று தெரிந்தால் அதையே அளவுமுனையாக வைத்துக் கோட்டைத் தள்ளலாம். முட்டையா கோழியா கதைதான்.

இந்தோனீசியாவுடன் கடல் எல்லைக்கோடு 1973, 2009, 2014 என மூன்று கட்டங்களாகக் கையெழுத்தானது. அதைக் கிழக்கே பெட்ரா பிராங்கா வரை நீட்ட வேண்டுமானால், சிங்கப்பூரும் மலேசியாவும் முதலில் பேசி முடிக்க வேண்டும்.

கேள்வி: துவாஸில் கடலைத் தூர்த்தால் எல்லையும் நகருமா?
- ஜூரோங் வாசகி

பதில்: கையெழுத்தான கோடு நகராது. சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் இடையிலுள்ள ஜொகூர் நீரிணையில் 1927 உடன்பாடு ஆழமான நீரோட்டத்தின் நடுவைப் பிடித்துப் போனது. மணல் படிந்தால் ஆழம் இடம் மாறும். அதனால்தான் 1995இல் இரு நாடுகளும் கோட்டை ஆயத்தொலை எண்களாகவே (அட்சரேகை, தீர்க்கரேகை) எழுதிக்கொண்டன. பழைய எண்களை அப்படியே ஜிபிஎஸ்ஸில் போட்டுப் பார்க்காதீர்கள். அந்தக்கால நில அளவை அடிப்படை வேறு; புள்ளி நூறு மீட்டருக்கு மேல்கூடத் தள்ளி விழும்.

2018இல் துவாஸ் அருகே தகராறானது துறைமுக எல்லை. கப்பல்களை நிர்வகிக்க ஒவ்வொரு நாடும் தானே அறிவித்துக்கொள்வது அது, இரு நாட்டு எல்லைக்கோடு அல்ல. 2019 ஏப்ரலில் இரு தரப்பும் புதிய அறிவிப்புகளை நிறுத்திவைத்தன.