டைவிங் கத்தியோட பைக்ல போலாமா?

கேள்வி: சார், நாங்க சிப்பி எடுக்க முங்கப் போற ஆளுங்க. காலுல பெல்ட் போட்டு கட்டுற டைவிங் கத்தி ஒண்ணு வாங்கினேன், அத கொண்டு போறப்ப போலீஸ் பாத்தா உள்ள தள்ளிருவாங்கன்னு கூட்டாளி பயங்காட்டுறான். லைசென்ஸ் எடுக்கணுமா?
- வாசகர், கடியபட்டணம்

பதில்: லைசென்ஸ்லாம் வேண்டாம் தம்பி. 1959 ஆயுதச் சட்டத்துக்கு 2016ல வந்த விதிகள்ல, அலகு 9 இஞ்ச்க்கு மேல நீளமோ 2 இஞ்ச்க்கு மேல அகலமோ இருக்குற கத்திதான் ஆயுதப் பட்டியல்ல இருக்கு, அதுலயும் வீட்டுக்கு, விவசாயத்துக்கு, தொழிலுக்குன்னு செஞ்சதுக்கு விலக்கு உண்டு. டைவிங் கத்தில அலகு பெரும்பாலும் 3லருந்து 5 இஞ்ச்தான், பிடிய விட்டுட்டு அலகை மட்டும் ஸ்கேல் வெச்சு அளந்துக்கோங்க. முனை மொட்டையா இருந்தா இன்னும் நல்லது, தங்கூசில (நைலான் நரம்பு) கால் மாட்டுனா அறுக்க கூர்முனை எதுக்கு?

ஆனா கூட்டாளி சும்மா சொல்லல. ராத்திரி வண்டி செக்கிங்ல எஸ்ஐ கையில ஸ்கேலோட நிக்க மாட்டாரு, கத்தி எங்க இருக்கு, நீங்க எங்க போறீங்கன்னுதான் பாப்பாரு. அதே கத்தி மாஸ்க், காலுல மாட்டுற துடுப்பு (ஃபின்), சிப்பி போடுற வலைப்பையோட உறைக்குள்ள கிடந்தா அது தொழில் சாமான், இடுப்புல சொருகிட்டு திருவிழா கூட்டத்துல நின்னா எந்த விளக்கமும் எடுபடாது. அதனால கடல்ல இறங்குறப்ப மட்டும் காலுல கட்டுங்க, கரையேறுனதும் கழட்டி பைக்குள்ள போடுங்க, போற வழில டீக்கடைல கூட வெளிய எடுக்காதீங்க. யாரும் கேட்டா நீங்களே முதல்ல சொல்லிருங்க, பைக்குள்ள கைய விட்டு எடுத்துக் காட்டுறேன்னு மட்டும் நிக்காதீங்க. ஊர்ல தடை உத்தரவு (பழைய 144, இப்ப புது குற்ற நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ல 163) போட்டுருந்தா வீட்லயே வெச்சிருங்க. சண்டைல கத்திய காட்டி மிரட்டுனா மிரட்டல் கேஸ், காயம் ஆச்சுன்னா பிஎன்எஸ் (ஐபிசிக்கு பதிலா வந்த சட்டம்) 118, சாதாரண காயத்துக்கே 3 வருஷம் வரைக்கும் போகும், அங்க அலகு எத்தன இஞ்ச்னு யாரும் கேக்க மாட்டாங்க.

கேள்வி: அந்தமான்ல ஸ்கூபா பண்ணப் போறேன், கத்திய பிளைட்ல கொண்டு போலாமா?
- வாசகி, நாகர்கோவில்

பதில்: செக்கின் பெட்டில போட்டா போலாம்மா, உறை மாட்டி துணில சுத்தி வைங்க. கைப்பைல இருந்தா திருவனந்தபுரம் ஏர்போர்ட் செக்கிங்லயே புடிச்சு வெச்சுப்பாங்க.