படம் எடுத்ததும் திரைக்குப் போகும் கண்: விடுவது எப்படி?

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "மூன்று வருடமாகக் கேமரா வைத்திருக்கிறேன். ஒவ்வொரு படம் எடுத்ததும் பின்னால் திரையைப் பார்த்துவிடுகிறேன். ஷட்டரில் கை வைத்தால் பத்துப் பன்னிரண்டு படம் ஓடிவிடுகிறது. கடலும் வானமும் சேரும் கோடு சாய்ந்தே வருகிறது. தப்பு என்று தெரிகிறது. ஆனால் கரையில் கால் வைத்ததும் பழையபடிதான். இதையெல்லாம் எப்படி விடுவது?"

மூன்றையும் ஒரே நாளில் விட முயலாதீர்கள். முதலில் திரையை எடுத்துக்கொள்ளுங்கள். மற்றதில் பாதி அதைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது.

திரையை ஏன் பார்க்கிறீர்கள்? வெளிச்சம் சரியாக விழுந்ததா என்ற சந்தேகம். நம் கடற்கரையில் அந்தச் சந்தேகம் நியாயமானதும்கூட. கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். தனுஷ்கோடியின் கோடியில் அரிச்சல்முனையில் வெளுத்த மணலைக் காட்டினால் அதையும் மங்கலாக்கிவிடும். அதைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டுவீர்கள். உச்சி வெயிலில் திரையே இருட்டாகத் தெரியும் என்பதால், தேவைக்கு மேல் கூட்டுவீர்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் அலையின் நுரை வெறும் வெள்ளைத் திட்டாக இருக்கும். அதாவது, எதை நம்பி அடிக்கடி பார்க்கிறீர்களோ அதுவே அந்த வெயிலில் சரியாகச் சொல்வதில்லை.

இந்தச் சந்தேகத்தைக் கரையில் இறங்கியதுமே தீர்த்துவிடலாம். மேகமில்லாத நாளில், காலை 9 மணியிலிருந்து மாலை 4 மணி வரை திறந்த வெளியில் வெயில் பெரிதாக மாறாது. அளவுகளை நாமே வைக்கும் மேனுவல் மோடுக்குப் போங்கள். ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, எஃப் (லென்ஸ் துளையின் அளவு) 8 வையுங்கள். ஷட்டர் வேகம் மணல்வெளியில் 1/800 நொடி, சாதாரண வெயிலில் 1/400 நொடி. ஒரே ஒரு படம் எடுத்து ஹிஸ்டோகிராமை, அதாவது இருட்டு இடப்பக்கமும் வெளிச்சம் வலப்பக்கமுமாகக் காட்டும் வரைபடத்தை மட்டும் பாருங்கள். வலது ஓரத்தில் முட்டி நின்றால் ஷட்டர் வேகத்தை ஒரு படி கூட்டுங்கள். அவ்வளவுதான். வெயில் மாறாத வரை இந்த அளவு மாறாது, அடுத்த ஐம்பது படத்துக்கும் பார்க்க ஒன்றுமில்லை.

அப்புறம் எடுத்த படத்தை உடனே திரையில் காட்டும் இமேஜ் ரிவ்யூவை மெனுவில் அணைத்துவிடுங்கள். திரை மடங்கும் கேமரா என்றால் உட்பக்கமாக மடித்து மூடுங்கள், இல்லையென்றால் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டுங்கள். 'பார்க்கக் கூடாது' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருப்பதில் பலனில்லை. பழக்கம் நினைவைக் கேட்டு வருவதில்லை. பார்த்தாலும் ஒன்றும் தெரியாது என்ற நிலைக்குக் கேமராவைக் கொண்டுவந்தால் சில நாளில் கழுத்து தானாகக் குனிவதை நிறுத்தும்.

தொடர்ந்து சுடும் பழக்கத்தை நான் இதைவிடக் கவலையாகப் பார்க்கிறேன். அது ஒரு முடிவைத் தள்ளிப்போடுகிறது. எந்தக் கணம் வேண்டும் என்று கரையில் தீர்மானிக்காமல், வீட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிறோம். வீட்டில் ஒரே மாதிரி பன்னிரண்டு படம் நிற்கும். எது நல்லது என்று சொல்லத் தெரியாமல் எல்லாவற்றையும் வைத்துக்கொள்வோம். கண் எதையும் கற்றுக்கொள்ளாது. கரைவலை இழுப்பதை எடுத்தால் இதன் நஷ்டம் நேரடியாகத் தெரியும். கயிறு மெதுவாகத்தான் வரும், நீண்ட நேரம் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். அப்போதே நூறு படம் ஓட்டியவர், மீன் சேரும் வலையின் மடி கரை ஏறி எல்லாரும் ஓடிவரும்போது, படங்களைத் தற்காலிகமாகத் தாங்கும் பஃபர் நிரம்பி, ஷட்டர் அசையாமல் நிற்பார்.

ஒரு அழுத்துக்கு ஒரு படம் எடுக்கும் சிங்கிள் ஷாட்டுக்கு மாற்றிவிட்டு, வடக்கே அமைதியாக இருக்கும் பெண்கடல் (பாக் நீரிணை) பக்கம் போய்ப் பழகுங்கள். மண்டபத்தின் வடகரை நல்ல இடம். தண்ணீர் அடங்கி இருக்கும், நங்கூரம் போட்ட படகு மெல்லத் திரும்பும், வலையைச் சிக்கெடுப்பவர் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பார். காத்திருந்து ஒன்றே ஒன்று எடுக்க அந்த வேகம் உதவும். வாடைக் காலத்தில் அந்தப் பக்கம் கொந்தளிக்கும், அப்போது தென்கரைக்கு மாறிக்கொள்ளுங்கள்.

தொடர் ஷாட் தேவைப்படும் இடமும் உண்டு. தனுஷ்கோடியில் பூநாரைகள் தாமாக எழும்பினால் தாராளமாக ஓட்டுங்கள். ஆனால் பறக்கும் படம் வேண்டும் என்று கூட்டத்தை நோக்கி நடந்துபோய்க் கிளப்பிவிடும் பழக்கத்தை இன்றே நிறுத்த வேண்டும். அவை இரை தேடி வந்து நிற்கின்றன. ஒவ்வொரு முறை விரட்டும்போதும் இரை எடுக்கும் நேரத்தைப் பறிக்கிறோம். 2025இல் அந்தப் பகுதி பூநாரைச் சரணாலயமாகவே அறிவிக்கப்பட்டுவிட்டது.

சாய்ந்த கோட்டுக்குக் காரணம் பெரும்பாலும் விரல். ஷட்டரை வெடுக்கென்று அழுத்தும்போது கேமராவின் வலப்பக்கம் தாழ்கிறது. பாதி அழுத்தி நிறுத்தி, மீதியை மெல்ல அழுத்துங்கள். கேமராவில் லெவல் கோடு இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், இந்தக் கரையில் நிறையப் பேரிடம் பார்க்கிறேன். லென்ஸைச் சட்டை நுனியால் துடைப்பது. கச்சான் காற்றில் உப்பும் மணலும் கண்ணாடியில் படிந்திருக்கும், துடைத்தால் அதுவே கீறும். முதலில் புளோயரால் ஊதுங்கள், பிறகு லேசாக ஈரமான மைக்ரோஃபைபர் துணி. படம் மங்கலாக வந்தால் ஃபோகஸைக் குறை சொல்லும் முன் இந்த உப்புப் படலத்தைப் பாருங்கள்.

கடல்பாசி எடுக்கப் போகும் பெண்களைத் தூரத்தில் நின்று டெலி லென்ஸில் எடுப்பதும் பழக்கமாகிவிட்டது. விரல்களில் துணி சுற்றிக்கொண்டு தண்ணீரில் இறங்குகிறவர்கள் அவர்கள், வேடிக்கைப் பொருள் கிடையாது. அக்கா, எடுக்கலாமா என்று கிட்டப் போய்க் கேளுங்கள். வேண்டாம் என்றால் கேமராவை இறக்கிவிடுங்கள்.

திரைக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு. விடியலுக்கு முன்னும் பின்னும் அரை மணி நேரம், அதேபோல் அந்தி நேரத்திலும் வெளிச்சம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். அப்போது காகிதத்தை எடுத்துவிட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஹிஸ்டோகிராமைப் பார்த்து ஷட்டரைத் திருத்திக்கொள்ளுங்கள். வெயில் ஏறி நிலைத்ததும் மறுபடி மூடிவிடுங்கள்.