பணியிடத்தில் தீ விபத்து நேராமல் தடுப்பது எப்படி? நேர்ந்துவிட்டால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

சேலம் அம்மாபேட்டைப் பக்கம் விசைத்தறிக் கூடங்களில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மேஸ்திரியாக இருக்கிறேன். கேள்வி எல்லாப் பணியிடங்களுக்கும் பொதுவானது என்றாலும், எனக்கு நன்றாகத் தெரிந்த தறிக்கூடத்தை வைத்தே பதில் சொல்கிறேன்.

தறி ஓடும் இடத்தில் நெருப்புக்கு முதல் தீனி நூல் மூட்டையும் அன்று, நெய்த துணியும் அன்று, பஞ்சுத் தூசிதான். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலிலிருந்து உதிரும் பிசிறு விட்டத்தின் மேலும், டியூப் லைட் பட்டியின் மேலும், வயர்களின் மேலும் படிந்து, ஒரு வாரம் துடைக்காமல் விட்டால் நூலாம்படையோடு சேர்ந்து விரல் கனத்துக்குத் தொங்கும். இறுக்கிக் கட்டிய பஞ்சு மெதுவாகத்தான் புகையும். இந்தத் தூசியிலோ ஒவ்வோர் இழையைச் சுற்றியும் காற்று இருப்பதால், ஒரு பொறி விழுந்த மாத்திரத்தில் கூரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடிவிடும். மோட்டாரின் காற்றுத் துளைகளை இது அடைத்துக்கொண்டால் உள்சூடு வெளியேற வழியின்றி, மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருள் (coil) எரியும். அந்தச் சூடே தூசியைப் பற்றவைக்கவும் போதும்.

ஆகவே தீத்தடுப்பு என்று நான் முதலில் சொல்வது துடைப்பத்தைத்தான். மெயினை அணைத்துவிட்டு, விட்டத்தில் தொடங்கிக் கீழ்நோக்கிக் கூட்டி வர வேண்டும். பல இடங்களில் ஓடும் தறிமேல் கம்ப்ரஸர் காற்றைப் பீய்ச்சுகிறார்கள். அது தூசியை அகற்றுவதில்லை, மோட்டாரை ஓடவிடும் சுவிட்ச் இருக்கும் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள்ளும் மோட்டாருக்குள்ளும் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. கூட்டிய பஞ்சையும் எண்ணெய் துடைத்த கழிவுத் துணியையும் மூடியுள்ள இரும்புத் தொட்டியில் போட்டு, அன்றன்றே கூடத்துக்கு வெளியே கொண்டுபோய்விட வேண்டும். வெள்ளிக்கிழமை தறிகளுக்குச் சாம்பிராணி காட்டும் வழக்கம் எங்களுக்கு உண்டு. அதைக் கூட்டித் துடைத்த பிறகு, தறி நின்றிருக்கும்போது காட்டுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்தது மின்சாரம். ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று ஓர் இழைக்குப் பதில் மூன்று செம்பு இழைகளை முறுக்கிப் போடுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஃபியூஸ் போவது, இந்த வயரால் இவ்வளவு சுமையைத் தாங்க முடியாது என்ற எச்சரிக்கை. அந்த எச்சரிக்கையை அடைத்துவிட்டால், உருக வேண்டிய சிறு கம்பிக்குப் பதிலாகச் சுவரில் ஓடும் வயர் முழுவதும் சூடேறும். திருகு தளர்ந்த இணைப்பும் அதே அளவு ஆபத்தானது. பங்குனி, சித்திரையில் தகரக் கூரையின் சூடும் சேர்ந்துகொள்ளும் என்பதால், மாசி மாதத்திலேயே எல்லா இணைப்புகளையும் இறுக்கச் சொல்லிவிடுவேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பங்குனி மாத இரவில், நான் வேலை பார்த்த கூடத்தில் ஸ்டார்ட்டர் பெட்டி ஒன்று வெடித்தது. "அண்ணே, விட்டத்தப் பாருங்க!" என்று ஒரு தம்பி கத்தியதும் நிமிர்ந்தேன், நீலமும் மஞ்சளுமாக ஒரு கோடு விட்டத்தின் மேல் ஓடிக்கொண்டிருந்தது. ஒருவர் குடத்துத் தண்ணீரைத் தூக்கிவிட்டார். மின்சாரம் ஓடும்போது தண்ணீர் ஊற்றினால் ஊற்றுபவரின் உயிர் போகும் என்பதால் அவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, மெயினை அணைக்க ஓடினேன். மெயின் வாசலுக்கு அருகில் இருந்தது. கூடத்தின் உள்மூலையில் இருந்திருந்தால் என்னால் போயிருக்க முடியாது. தீயணைப்பு சிலிண்டருக்கும் வாசல் பக்கமே சரியான இடம். வெளியேறும் வழி முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நின்று, ஊசியை உருவி, இரண்டு மூன்று மீட்டர் தள்ளித் தீயின் அடிப்பகுதியைக் குறிவைத்து இடவலமாக வீச வேண்டும். மிக நெருங்கி அடித்தால் எரியும் பஞ்சு நாலாபுறமும் சிதறும். 6 கிலோ பவுடர் சிலிண்டர் அரை நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும்; அதற்குள் அடங்காவிட்டால் வெளியே வந்துவிட வேண்டும், புகை சூழ்ந்தால் தரையோடு தவழ்ந்து வர வேண்டும். 101 அல்லது 112க்கு அழைப்பது சிலிண்டரை எடுக்கும் அதே நேரத்தில் இன்னொருவர் செய்ய வேண்டிய வேலை.

அன்று எங்களை உண்மையில் தடுத்தது வாசல்தான். பாவு உருளைகளும் துணிக் கட்டுகளும் பாதி வழியை அடைத்திருந்தன. பதினோரு பேர் ஒருவர் பின் ஒருவராக ஒதுங்கி வர வேண்டியிருந்தது. 1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கில் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலையில் 146 பேர் இறந்ததற்குப் பூட்டிய கதவு ஒரு முக்கியக் காரணம். வேலை நடக்கும் நேரத்தில் பின்வாசலைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்ளும் முதலாளிகளிடம், திருட்டுக்குப் பயந்து ஆளை அடைக்காதீர்கள் என்று கெஞ்சியே சொல்லியிருக்கிறேன்.

தீக்காயம் பட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். பற்பசை, மை எதையும் தடவ வேண்டாம்.

அணைந்த பிறகு உள்ள நேரத்தைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. பஞ்சும் நூலும் மேலே அணைந்து உள்ளே கனலும். பவுடர் அந்த ஆழத்துக்குப் போகாது. 1944 ஏப்ரல் 14 அன்று மும்பைத் துறைமுகத்தில் ஃபோர்ட் ஸ்டிகைன் என்ற கப்பலில் பஞ்சுப் பொதிகள் இருந்த அறையில் புகை கிளம்பியது. நிறையத் தண்ணீர் இறைத்தும் தீயின் மூலத்தை எட்ட முடியாமல், உடன் இருந்த வெடிபொருள் மாலை 4 மணி அளவில் வெடித்தது. தீயணைப்பு வீரர்கள் பலர் அதில் மாண்டார்கள். நாம் ஏப்ரல் 14 முதல் கடைப்பிடிக்கும் தீத்தொண்டு வாரம் அவர்கள் நினைவாகத்தான். எங்கள் கூடத்திலும் தீயணைப்பு வண்டி போன பின், மின்சாரம் இல்லை என்பதை உறுதிசெய்துகொண்டு, நூல் மூட்டைகளை வெளியே இழுத்துப் பிரித்து ஒவ்வொன்றையும் நனைத்தோம். விடியற்காலை நாலு மணிக்கு, கை வைத்தால் குளிர்ச்சியாக இருந்த ஒரு மூட்டையை அறுத்தபோது, நடுவிலிருந்த நூல் சுற்றிய கோன் (கூம்பு) ஒன்று சிவப்பாகக் கனன்றுகொண்டிருந்தது.