தியானத்தில் வெறுமையும் நிறைவும்: சில கேள்விகள், சில விடைகள்

சிங்கப்பூரில் என் தியான வகுப்புக்கு வரும் அன்பர்கள் எழுதிக் கேட்டவற்றுக்கு இங்கே விடையளிக்கிறேன். நான் சைவ சித்தாந்தம் பயின்றவன். பௌத்த நூல்களை விருப்பத்தின் பேரில் படித்தவன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதைத் தெரிந்துகொண்டு படிப்பது நல்லது.

கேள்வி (தெம்பனிஸ், பணி ஓய்வு பெற்றவர்): ஐயா, உட்கார்ந்த சிறிது நேரத்தில் எண்ணமெல்லாம் நின்றுவிடுகிறது. கடிகாரம் மணியடித்த பிறகுதான் நேரம் போனதே தெரிகிறது. இது சமாதியா?

பதில்: பெரும்பாலும் இல்லை. இதை இலயம் என்பார்கள். ஒடுக்கம் இருவகை, இலயம் என்றும் நாசம் என்றும்; இலயத்தில் அடங்கிய மனம் மறுபடி எழும், நாசமானது எழாது என்று ரமணர் உபதேச உந்தியாரில் பிரித்துக் காட்டுகிறார். அவர் சொல்லிவந்த கதை ஒன்று உண்டு. கங்கைக் கரையில் தவமிருந்த யோகி கண் விழித்துச் சீடனிடம் தண்ணீர் கேட்டார். சீடன் கொண்டுவருவதற்குள் மீண்டும் இலயத்தில் ஆழ்ந்து, சில நூறு ஆண்டுகள் கழித்து எழுந்தார். எழுந்தவர் முதலில் கேட்டது, "தண்ணீர் எங்கே?" என்பதுதான். இத்தனை காலம் ஒடுங்கியிருந்தும் அந்தத் தாகம் அப்படியே இருந்தது.

மாண்டூக்கிய உபநிடதத்தை விளக்கும் காரிகை நூலில் அத்வைத ஆசான் கௌடபாதரும், இலயத்தில் விழும் மனத்தை எழுப்பு என்றே பணிக்கிறார். அடுத்த முறை கவனியுங்கள்: தாடை தொங்கியிருக்கிறதா? ஒன்றையொன்று தொட்டிருந்த கட்டைவிரல்கள் விலகியிருக்கின்றனவா? எழும்போது தலை கனக்கிறதா? ஆம் என்றால் கண்களைப் பாதி திறந்து, முதுகை நிமிர்த்தி உட்காருங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பின் அமர்வதையும் விட்டுவிடுங்கள்.

கேள்வி (யீஷூன், தாதி): என்னுடன் பணிபுரியும் சீனத் தோழி பௌத்தர், அவர் சூனியம், அதாவது வெறுமை, என்கிறார். நம் பெரியவர்கள் பூரணம், அதாவது நிறைவு, என்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானா?

பதில்: ஒன்றுதான் என்று சொல்லிவிட்டால் எல்லாருக்கும் மகிழ்ச்சி. ஆனால் அது உண்மையாகாது.

முதலில் உங்கள் தோழியின் பக்கத்தைப் பார்ப்போம். மஜ்ஜிம நிகாயம் என்ற பௌத்தத் தொகுப்பின் 121ஆம் சுத்தத்தில் (சூத்திரத்தில்) புத்தர் தம் சீடர் ஆனந்தரிடம், தாம் தங்கியிருக்கும் மாளிகையையே காட்டிப் பேசுகிறார். இங்கே யானை இல்லை, பசு இல்லை, பொன்னும் வெள்ளியும் இல்லை. ஆனால் துறவியர் கூட்டம் இருக்கிறது. எது இல்லையோ அதை இல்லை என்றும், எது எஞ்சியிருக்கிறதோ அதை இருக்கிறது என்றும் அறிவதே அங்கே வெறுமைப் பயிற்சி. நம் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தை இரவில் பாருங்கள். நேற்று மலாய்த் திருமணம் நடந்த இடம். நாளை ஒரு துக்க வீட்டுக்காகப் பந்தல் போடக்கூடும். இன்று நாற்காலி ஒன்றுகூட இல்லை. ஆனால் தூண்கள் இருக்கின்றன, விளக்கு எரிகிறது, காற்று நுழைந்து போகிறது. "ஒன்றுமே இல்லை" என்று சொல்பவர் நாற்காலிகளை மட்டும் தேடியவர்.

பின்வந்த பௌத்த அறிஞர் நாகார்ச்சுனர், ஒன்றைச் சார்ந்து மற்றொன்று தோன்றுவதையே சூனியம் என்றார்; தனித்து, தானே நிற்கும் இயல்பு எதற்கும் இல்லை என்பது பொருள், பொருள்களே இல்லை என்பதன்று. சார்ந்து தோன்றும் அந்தச் சங்கிலி தமிழுக்குப் புதிதன்று. பேதைமை, செய்கை, உணர்வு என்று தொடங்கும் பன்னிரு சார்புகளையும் மணிமேகலையின் 30ஆம் காதை வரிசையாகச் சொல்கிறது.

இனி நம் பக்கம். முழுமையிலிருந்து முழுமையை எடுத்தாலும் முழுமையே எஞ்சும் என்கிறது ஈசாவாசிய உபநிடதத்தின் சாந்தி மந்திரம். சைவ சித்தாந்த ஆசான் மெய்கண்டாரோ தம் சிவஞானபோதத்தின் ஏழாம் நூற்பாவை "யாவையும் சூனியம் சத்தெதிர் ஆகலின்" என்று தொடங்குகிறார். சத்தாகிய, அதாவது என்றும் உள்பொருளான, இறைவன் முன் உலகம் விளங்காது என்ற பொருளில் சூனியம் என்ற சொல்லையே எடுத்தாள்கிறார். ஆனால் மூன்றாம் நூற்பாவில், எல்லாவற்றையும் இலது இலது என்று தள்ளிக்கொண்டே போகும்போது, அப்படித் தள்ளும் அறிவு ஒன்று உளதன்றோ என்று ஆன்மாவை நிறுவுகிறார். பௌத்தர் இதை ஏற்கமாட்டார். அந்த அறிவும் சார்ந்து தோன்றியதே என்பார். வழக்கு இன்றும் தீரவில்லை, நானும் மெய்கண்டார் பக்கமே நிற்கிறேன். ஆனால் பாயில் உட்காரும்போது இருவரும் நம்மிடம் கேட்பது ஒரே கேள்விதான்: எது போயிற்று, எது எஞ்சியிருக்கிறது? தோழியோடு அதைப் பற்றிப் பேசலாம், தடையில்லை.

கேள்வி (உட்லண்ட்ஸ், மாணவர்): திருமூலர் சொல்லும் முப்பாழ் எது?

பதில்: பாழ் என்றால் வெறுமை. மாயை அடங்குவது, சீவபோதம் (நான் என்னும் உயிரறிவு) அடங்குவது, அதற்கும் அப்பால் பரவெளியில் அடங்குவது என மூன்றாக விரிப்பார்கள். திருமந்திரத்தை உரையோடு படியுங்கள். படித்துவிட்டு, "நான் இப்போது எந்தப் பாழில் இருக்கிறேன்" என்று எண்ணிக்கொண்டு உட்கார வேண்டாம்.

கேள்வி (பொங்கோல்): முன்பெல்லாம் நெஞ்சு நிறைந்து கண்ணீர் வரும். இப்போது வருவதில்லை. எங்கே தவறினேன்?

பதில்: தவறவில்லை, அந்தச் சுவையைத் தேடத் தொடங்கிவிட்டீர்கள். அங்குள்ள இன்பத்தைச் சுவைத்துக்கொண்டிராதே என்று அதே கௌடபாதர் அடுத்த காரிகையில் எச்சரிக்கிறார். தாயுமானவர் "ஆனந்த பூர்த்தியாகி" என்று பாடுவது அங்கிங்கெனாதபடி எங்கும் இருப்பதைப் பற்றி. நேற்று வந்து இன்று வராமற்போகும் ஒன்றைப் பற்றி அன்று.

கேள்வி (பெயர், இடம் வேண்டாம் என்றவர்): வேலை போன பிறகு நாள் முழுவதும் வெறுமை. சாப்பாடு ருசிக்கவில்லை, விடியற்காலை விழிப்பு வந்தால் மறுபடி தூக்கமில்லை. இது தியானத்தால் வந்த பற்றின்மைதான் என்கிறார் ஒருவர்.

பதில்: அவர் சொல்வதைக் கேட்காதீர்கள். பயிற்சியில் வரும் வெறுமை மனத்தை இலேசாக்கும். பிறர்மேல் உள்ள அக்கறையைக் கூட்டும், குறைக்காது. நீங்கள் சொல்வது மனச்சோர்வின் அறிகுறிகளாக இருக்கலாம். நீண்ட நேரத் தியானத்தை இப்போதைக்கு நிறுத்துங்கள். இந்த வாரமே பலதுறை மருந்தகத்தில் மருத்துவரைப் பாருங்கள். வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள். வாழவே வேண்டாம் என்று தோன்றினால் எந்த நேரமானாலும் 1767 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை அழையுங்கள். தியானம் காத்திருக்கும்.

கேள்வி (தோ பாயோ): மேல்வீட்டில் புதுப்பிப்பு வேலை. இந்தச் சத்தத்தில் எப்படி ஐயா?

பதில்: சத்தம் எழுவது, நிற்பது, இரண்டுக்கும் இடையில் எஞ்சுவது என்று கவனிக்கலாம், சில நாள் அது நல்ல பயிற்சியும்கூட. சுவரை இடிக்கும் இயந்திரத்தின் முன் அது எனக்கும் கைகூடாது. சத்தம் மிகுந்த வேலைகளை வார நாள்களில் காலை 9 மணிக்கு முன் தொடங்கக்கூடாது என்பது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) விதி. 7 மணிக்கு உட்காருங்கள்.