குடைவுக் கித்தார் எதை வாங்கலாம்? டர்பன் பக்கத்துக் கேள்விகளும் என் பதில்களும்

கேள்வி (சாட்ஸ்வொர்த்): ஐயா, ஹாலோபாடி (முழுக்குடைவு), செமி ஹாலோ (பாதிக்குடைவு) என்று இரண்டு வகை சொல்கிறார்கள். எனக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிகின்றன. எப்படிப் பிரித்தறிவது?

பதில்: அது உங்கள் கண்ணின் குற்றமன்று. கிப்சன் நிறுவனம் 1958இல் கொண்டுவந்த இ.எஸ். 335 கித்தாரையும் மறு ஆண்டு வந்த இ.எஸ். 330ஐயும் அருகருகே வைத்தால் இரட்டைப் பிள்ளைகளைப் போலத்தான் இருக்கும். வித்தியாசம் வயிற்றுக்குள் இருக்கிறது. 335இன் நடுவில் கழுத்திலிருந்து அடிவரை ஒரு மரக்கட்டை ஓடுகிறது. பிக்கப்பும் (தந்தியின் அதிர்வை மின்னலையாக்கும் கருவி) பிரிட்ஜும் (தந்திகளைத் தாங்கும் பாலம்) அதன்மேல் உட்கார்ந்திருக்க, இரு பக்கங்கள் மட்டுமே குடைவாக இருக்கின்றன. 330இல் அந்தக் கட்டை இல்லை. கடையில் எஃப் வடிவத் துளைக்குள் கைபேசி விளக்கை அடித்துப் பாருங்கள். உள்ளே சுவர்போல மரம் மறித்தால் செமி ஹாலோ. வெளிச்சம் எதிர்த் துளை வழியாக எட்டிப் பார்த்தால் ஹாலோபாடி. விற்பவர் சொல்வதைவிட அந்த விளக்கு சொல்வதை நம்பலாம்.

கேள்வி (ஃபீனிக்ஸ்): அண்ணா, நான் திருமண இசைக்குழுவில் வாசிக்கிறேன். முழுக்குடைவுக் கித்தாரின் நாதம் பிடித்திருக்கிறது. ஆனால் மேடையில் ஊளையிடும் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள்.

பதில்: நண்பர்கள் சொல்வது உண்மைதான், தம்பி, அந்த ஊளையை நானே பட்டு அறிந்தவன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மண்டபத்தில், ஸ்பீக்கருக்கு நேர் எதிரே நான் நின்றுகொண்டிருந்தபோது, சரியாகத் தாலி கட்டும் நேரத்தில் என் கித்தார் தானாகவே அலறத் தொடங்கியது. வேண்டாத சத்தம் காதில் விழக்கூடாது என்பதற்காகத்தான் கெட்டிமேளம் கொட்டுகிறார்கள். அன்று அந்தக் கெட்டிமேளத்தையும் மீறி என் ஊளை கேட்டது. பெண்ணின் தாத்தா என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது.

காரணம் எளியது. ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி மெல்லிய மேற்பலகையை அதிரச் செய்கிறது. அந்த அதிர்வு தந்திகளுக்கு ஏறி, பிக்கப் வழியாக மீண்டும் ஸ்பீக்கருக்கே போய், சுற்றச் சுற்றப் பெருகுகிறது. நடுக்கட்டை உள்ள கித்தாரில் பலகை அவ்வளவு எளிதில் அதிராது என்பதால், உங்கள் வேலைக்குச் செமி ஹாலோதான் ஏற்றது. முழுக்குடைவுதான் வேண்டும் என்றால், ஸ்பீக்கருக்குப் பக்கவாட்டில் நில்லுங்கள், ஆம்ப்பில் (ஒலிபெருக்கியில்) பாஸ் ஒலியைக் குறையுங்கள், எஃப் துளைகளில் ஸ்பாஞ்சைச் செருகுங்கள். ப்ளூஸ் கித்தார் கலைஞர் பி.பி. கிங்கின் பெயரால் கிப்சன் 1980இல் வெளியிட்ட 'லூசில்' கித்தாரில் எஃப் துளைகளே இல்லாததும் இதே தொல்லைக்காகத்தான்.

கேள்வி (லெனேசியா): டர்பனில் உள்ள என் மாமா தம்முடைய பழைய கித்தாரை எனக்குத் தருகிறார். ஜோகன்னஸ்பர்க் குளிர் அதைக் கெடுக்குமா?

பதில்: குளிரைவிட வறட்சிக்குத்தான் அஞ்ச வேண்டும், அம்மா. கடலோர ஈரத்தில் உப்பியிருந்த மரம், உங்கள் ஊரின் ஜூன், ஜூலை மாதக் காற்றில் சுருங்கும். ஒரே பலகையைச் செதுக்கிச் செய்த மேற்பகுதியாக இருந்தால் வெடிக்கவும் கூடும். ஒட்டுப்பலகையில் செய்தது அதிகம் தாங்கும். பெட்டிக்குள் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் வரை இருக்கும்படி பார்த்துக்கொண்டு, முதல் சில வாரங்கள் கழுத்தின் வளைவைக் கவனியுங்கள்.

கேள்வி (வெருலம்): தமிழ்ப் பாட்டுகளைக் கமகத்தோடு வாசிக்க எது உதவும்?

பதில்: இங்கே கித்தாரைவிடத் தந்திதான் முக்கியம். ஜாஸ்காரர்கள் போடும் தடித்த 12 கேஜ் (கேஜ் என்பது தந்தியின் தடிமன்) தந்தியில் மூன்றாவது தந்தியும் மெல்லிய கம்பி சுற்றப்பட்டதாக இருக்கும். அதை இழுத்துக் கமகம் பிடிக்க முயன்றால் விரல்தான் புண்ணாகும். 10 கேஜ் போடுங்கள், மூன்றாவது தந்தி சுற்றில்லாததாக இருக்கட்டும். கிப்சன் வகையின் தந்தி நீளம் 24¾ அங்குலம். ஃபெண்டர் நிறுவனக் கித்தார்களின் 25½ அங்குலத்தைவிட இறுக்கம் குறைவு, ஆகவே இழுப்பதும் எளிது. மேல் ஸ்தாயியில் அதிகம் உலவுபவர் என்றால் 330 வகையைத் தவிருங்கள். அதில் கழுத்து முன்கூட்டியே உடலோடு சேர்ந்துவிடுவதால் மேலே கை போவது கடினம்.

கேள்வி (டோங்காட்): எபிஃபோன் காசினோ வாங்கலாமா?

பதில்: வீட்டில் வாசிக்கத் தாராளமாக வாங்கலாம். முழுக்குடைவு என்பதால் ஆம்ப் இல்லாமலே இரவில் சாதகம் செய்யுமளவு ஒலிக்கும். பீட்டில்ஸ் குழுவில் மெக்கார்ட்னி, லெனன், ஹாரிசன் மூவருமே அதை வைத்திருந்தார்கள். ஆனால் அதன் பி-90 பிக்கப் ஒற்றைச் சுருள் கொண்டது. நம் வீட்டு 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் இரைச்சலையும் சேர்த்து இழுக்கும். அதை ஒடுக்கத்தான் கிப்சன் பொறியாளர் சேத் லவர் 1950களில் இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து ஹம்பக்கர் என்ற பிக்கப்பை உருவாக்கினார்.

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்): உங்களுக்கு மிகவும் பிடித்தது எது?

பதில்: கிப்சனின் முழுக்குடைவான இ.எஸ். 175 வகை. 1983இல் ஜாஸ் பியானோ கலைஞர் டேரியஸ் புரூபெக் நேட்டால் பல்கலைக்கழகத்தில் ஜாஸ் படிப்பைத் தொடங்கிய பிறகு, அங்கே கச்சேரி கேட்கப் போய்த்தான் இந்த ஆசை என்னைப் பிடித்தது. 1949இல் வந்த அந்த வடிவத்தின் கழுத்துப் பக்கத்துப் பிக்கப்பில் எழும் உருண்டையான நாதத்துக்கு நான் இன்றும் அடிமை. ஆனாலும் ஒரே ஒரு கித்தார் வாங்கப் போகிறவருக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன். 335 வகைதான் மேடை, வீடு இரண்டுக்கும் ஈடுகொடுக்கும்.

175ஐத்தான் வாங்குவேன் என்றால் ஒன்றை மறவாதீர்கள். அதன் பிரிட்ஜ் பல கித்தார்களில் ஒட்டப்படாமல் தந்தியின் அழுத்தத்தில் மட்டுமே நிற்கும். எல்லாத் தந்திகளையும் ஒரேயடியாகக் கழற்றினால் அது கையோடு வந்துவிடும், ஒவ்வொன்றாக மாற்றுங்கள். பிறகு 12ஆம் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகக் கட்டையில்) தொட்டு எழுப்பும் ஸ்வரத்தையும் அழுத்தி எழுப்பும் ஸ்வரத்தையும் ஒப்பிடுங்கள். அழுத்தியது சுருதி கூடுதலாக ஒலித்தால் பிரிட்ஜை வால்பக்கம் சற்றே நகர்த்துங்கள். சரியான இடம் கிடைத்ததும் காகித நாடா ஒட்டி, அதன்மேல் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிடுங்கள்.