பவள நொதிப் பொடி உடல் கொழுப்பைக் கரைக்குமா?

கேள்வி: பவளத்தில் கொழுப்பு அமிலங்களை ஆக்சிஜனேற்றம் செய்யும் நொதிகள் இருக்கின்றனவாம். அதனால் பவளப் பொடி சாப்பிட்டால் உடல் கொழுப்பு எரிந்துவிடும் என்கிறார் ஒரு முகவர். ஆய்வுக் கட்டுரையும் காட்டுகிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். நொதி இருப்பது நிஜம், கொழுப்பை எரிக்கும் என்பது புளுகு.

நம் உடம்பில் கொழுப்பு எரிவது பெரும்பாலும் செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவில். கொழுப்பு அமிலம் அங்கே இரண்டிரண்டு கார்பனாக வெட்டப்பட்டுச் சக்தியாகிறது. பவளத்தில் இருக்கும் லிப்பாக்ஸிஜினேஸ் என்ற நொதி அப்படி எரிப்பதில்லை. அராக்கிடோனிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தின் ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஆக்சிஜனைச் செருகும், அவ்வளவுதான். தவிர, நொதி ஒரு புரதம். விழுங்கினால் மற்றப் புரதங்களைப் போல அதுவும் செரித்துப்போகும்.

அந்தக் கட்டுரையில் எந்த உயிரினம் என்று பாருங்கள். அநேகமாகக் கரீபியன் கடலின் பிளெக்சாரா ஹோமோமல்லா என்ற மென்பவளமாக இருக்கும். அதில் புரோஸ்டாகிளாண்டின் என்ற, ஹார்மோன் போல வேலை செய்யும் பொருள் ஏராளமாக இருப்பது 1969-ல் தெரியவந்தது. அதிலிருந்து ஆய்வாளர்கள் அதை விடவில்லை. டப்பாவில் வருவதோ பெரும்பாலும் கல்பவளத்தின் எலும்புக்கூடு, அதாவது கால்சியம் கார்பனேட். கூடவே ஒரு 'ஆய்வகச் சான்றிதழ்' நீட்டுவார்கள். அதில் கால்சியம் எத்தனை சதவீதம் என்று இருக்கும், நொதி வேலை செய்கிறதா என்று ஒரு வரிகூட இருக்காது. கேட்டுப் பாருங்கள், பேச்சு உடனே தள்ளுபடிக்குத் தாவிவிடும்.

பொடியில் நொதி உயிர்ப்போடு இருக்கவே இருக்காதா என்றால், இருக்கும். ஆய்வகத்தில் மென்பவளத்தைக் குளிர்ந்த அசிட்டோனில் அரைத்து, கொழுப்பையும் நீரையும் நீக்கிப் பொடியாக்குவார்கள். அந்த அசிட்டோன் பொடியில் நொதி வேலை செய்யும், பல சோதனைகளே அதை வைத்துத்தான் நடந்தன. ஆனால் அதை உறைகுளிரில் வைத்திருந்து, தாங்கல் கரைசலில் (அமிலத்தன்மை மாறாமல் காக்கும் கரைசலில்) கலக்கிப் பயன்படுத்துவார்கள். வெந்நீரில் கரைத்துக் குடிப்பதற்கான சரக்கல்ல. முகவர் இந்த விதிவிலக்கைப் பிடித்துக்கொள்வார், அதனால்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன். நிஜமாகவே மென்பவளச் சத்து டப்பாவில் இருந்தால் இன்னும் மோசம்: புரோஸ்டாகிளாண்டின்களில் சில கருப்பையைச் சுருங்க வைப்பவை.

இதையெல்லாம் விற்பனைக்கு முன்பே யாராவது தடுக்க வேண்டாமா? பல நாடுகளில் துணை உணவு விற்பவர் பலனை முன்கூட்டி நிரூபிக்கத் தேவையில்லை. பவளக் கால்சியம் புற்றுநோயைத் தீர்க்கும் என்ற விளம்பரத்தின் மீது அமெரிக்க வணிக ஆணையம் 2003-ல் வழக்குப் போட்டது, அதுவும் சரக்கு விற்றுத் தீர்ந்துகொண்டிருந்தபோது. அதிகாரிகள் வருவதற்குள் அடுத்த பெயரில் அடுத்த டப்பா வந்துவிடுகிறது.

சரி, ஏற்கெனவே வாங்கிச் சாப்பிடுகிறீர்களா? தைராய்டு மாத்திரை எடுப்பவரானால் இரண்டுக்கும் நடுவே நான்கு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள், கால்சியம் அந்த மருந்தை உறிஞ்ச விடாது. சிறுநீரகக் கல் வந்தவர் இன்றே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் டப்பாவையே கொண்டுபோய்க் காட்டுங்கள்.