இரவில் சைக்கிள் ஓட்டவும் ஓடவும் விளக்கு வாங்க வேண்டும். 1000 லூமென் போதுமா, 2000 வேண்டுமா?

வேலை முடிந்து இருட்டிய பிறகு சைக்கிளில் வீடு திரும்புகிறீர்கள், வாரத்தில் சில நாள் இருட்டிலேயே ஓடவும் போகிறீர்கள், அதற்கு எவ்வளவு பிரகாசமான விளக்கு வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நேரடியாகச் சொன்னால் 2000 வேண்டாம். பெரும்பாலான சாலைகளுக்கு 1000கூட அதிகம்தான்.

எனக்கும் ஒரு காலத்தில் இதே கேள்வி இருந்தது. பெட்டியில் எந்த எண் பெரிதாக இருந்ததோ அதையே வாங்கி வந்தேன். முதல் இரவே, எதிரே நடந்து வந்த ஒரு பெரியவர் கையை முகத்துக்குக் குறுக்கே வைத்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கி நின்றுவிட்டார். நான் கடக்கும்போது “கண்ணே போச்சு தம்பி” என்றார். அடுத்த நிமிடமே வேகத்தடையில் ஏறித் தூக்கிப் போட்டது. அவ்வளவு வெளிச்சம் இருந்தும் அது என் கண்ணில் படவில்லை. இறங்கிப் பார்த்தால் பாதி வெளிச்சம் மரக்கிளைகளில் அடித்துக்கொண்டிருந்தது. ரப்பர் பட்டை தளர்ந்து விளக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தது ஒரு காரணம். அந்த விளக்கின் அமைப்பே அப்படித்தான் என்பது இன்னொரு காரணம்.

லூமென் என்பது விளக்கிலிருந்து வெளியே வரும் மொத்த ஒளியின் அளவு. அது எங்கே போய் விழுகிறது என்பதை அந்த எண் சொல்லாது. ஒரு இடத்தில் எவ்வளவு ஒளி விழுகிறது என்பதைச் சொல்வது லக்ஸ். ஒரு வாளித் தண்ணீரை முற்றம் முழுக்கத் தெளிக்கலாம், ஒரே செடியின் வேரிலும் ஊற்றலாம், வாளி என்னவோ அதே வாளிதான். டார்ச் போல வட்டமாக ஒளி வீசும் விளக்குகள் முற்றம் தெளிக்கிற ரகம். காரின் முன்விளக்கு போல மேல்பக்கம் வெட்டிவிட்ட மாதிரி கோடு விழுகிற விளக்குகளும் உண்டு. அந்தக் கோட்டுக்கு மேலே ஒளி மிகக் குறைவு, கீழே முழுவதும் தரையில் விழும். ஜெர்மனியில் சைக்கிளுக்கு இந்த வகை ஒளிதான் வேண்டும் என்று சட்டமே இருக்கிறது, 10 மீட்டர் தூரத்தில் குறைந்தது 10 லக்ஸ் என்று அளவும் வைத்திருக்கிறார்கள். அந்த ஊர்ச் சட்டம் நமக்குத் தேவையில்லை என்றாலும், அதற்கு ஏற்பச் செய்த விளக்கு எங்கே கிடைத்தாலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். இப்போது நான் வைத்திருப்பது அந்த ரகத்தில் 300 லூமென்கூட வராத ஒன்று. பழைய ‘சூரியனை’விடச் சாலை இதில்தான் நன்றாகத் தெரிகிறது.

எவ்வளவு தூரம் தெரிய வேண்டும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 25 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு ஏறத்தாழ 7 மீட்டர். குழியைப் பார்த்து, அது குழிதான் என்று புரிந்து, பிரேக்கில் கை வைப்பதற்குள் ஒன்றரை நொடி போனால் 10 மீட்டருக்கு மேல் கடந்திருப்பீர்கள். அதற்குப் பிறகுதான் வண்டி நிற்கவே தொடங்கும். ஆக, 20 மீட்டராவது தெளிவாகத் தெரிய வேண்டும். தூரம் இரட்டிப்பானால் ஒரு இடத்தில் விழும் ஒளி கால்வாசியாகிவிடும், அதனால்தான் வீசி இறைக்கும் விளக்கு சீக்கிரம் தோற்றுப்போகிறது. தெருவிளக்கே இல்லாத சாலை என்றால் 300 முதல் 600 லூமென் வரை ஒழுங்காகத் தரையில் விழுந்தால் போதும். வழியெல்லாம் தெருவிளக்கு இருந்தால் சாலை ஏற்கெனவே தெரிகிறது, நீங்கள் மற்றவர் கண்ணில் படுவதுதான் முக்கியம். அதற்கு 100, 150 லூமெனே தாராளம். காட்டுப் பாதையில் வேகமாக இறங்குபவர்களுக்குத்தான் 1000க்கு மேல் உண்மையிலேயே பயன்படும்.

பெட்டியில் போட்டிருக்கும் எண்களையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். பேட்டரி பொய் சொல்லாது, ஒரு பெருக்கல் போட்டால் தெரிந்துவிடும். பெரும்பாலான விளக்குகளுக்குள் இருக்கும் 18650 என்ற உருளை வடிவ லித்தியம் பேட்டரி நல்ல தரத்தில் சுமார் 3500 மில்லிஆம்பியர் மணி பிடிக்கும். 3.6 வோல்ட்டால் பெருக்கினால் சுமார் 12.6 வாட்-மணி. எல்இடி விளக்கு எல்லா இழப்பும் போக வாட்டுக்கு 100 லூமென் தருகிறது என்று வைத்துக்கொண்டால், 1000 லூமெனுக்கு 10 வாட் வேண்டும். ஆக ஒரு பேட்டரியில் ஒன்றேகால் மணி நேரம். கைக்குள் அடங்குகிற ஒன்று ‘5000 லூமென், 8 மணி நேரம்’ என்று சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். 18650 மேல் 9900 என்று அச்சடித்திருந்தாலும் அதே கதைதான். நேர்மையான நிறுவனங்கள்கூட ‘4 மணி நேரம்’ என்று போடும்போது முழுப் பிரகாசத்தில் 4 மணி நேரம் என்று அர்த்தமில்லை. கைவிளக்குகளுக்கான ஆன்சி எஃப்எல்1 என்ற தர முறையில், தொடக்க ஒளி பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை எரியும் நேரத்தைத்தான் கணக்கில் எடுப்பார்கள். அதனால் நான் பார்ப்பது நடு அளவு வெளிச்சத்தில் எத்தனை மணி நேரம் என்பதை மட்டும்தான். அது உங்கள் பயணத்தைப் போல இரண்டு மடங்காவது இருக்கட்டும்.

சரி, உடலில் மாட்டுவதற்கு வருவோம். இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, எனக்கு இதுதான் சுவாரசியமானது. 1973இல் குன்னார் யோஹான்சன் என்ற சுவீடன் உளவியலாளர், இருட்டில் மனிதர்களின் மூட்டுகளில் மட்டும் சின்ன ஒளிப்புள்ளிகளை வைத்துப் படமெடுத்தார். ஆள் அசையாமல் இருந்தால் பார்ப்பவருக்கு அவை வெறும் புள்ளிகள். நடக்கத் தொடங்கினால் ஒரு நொடிகூட ஆகாமல் ‘ஆள் நடக்கிறார்’ என்று தெரிந்துவிடும். பிற்பாடு வாகன ஓட்டிகளை வைத்து நடந்த ஆய்வுகளிலும் இதே விஷயம் வந்தது: நெஞ்சில் மட்டும் பளபளக்கும் சட்டையைவிட, கணுக்காலிலும் முழங்காலிலும் கட்டிய, வாகன விளக்கின் ஒளியை வந்த பக்கமே திருப்பும் பட்டைதான் தூரத்திலேயே ‘இது மனிதன்’ என்று காட்டிக்கொடுக்கிறது. நெஞ்சு ஒரே இடத்தில் நிற்கிறது, கணுக்கால் பெடலோடு மேலும் கீழும் போகிறது. ஓடும்போதும் அப்படித்தான். ஆக, விலை உயர்ந்த ஒளிரும் ஜாக்கெட் வாங்கும் முன் இரண்டு கணுக்கால் பட்டைகள் வாங்குங்கள். பேட்டரியும் வேண்டாம், சார்ஜும் வேண்டாம்.

அந்தப் பளிச்சென்ற மஞ்சள் சட்டையை நம்பி இரவில் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதைக்கும். அந்த நிறம் சூரிய ஒளியில் இருக்கும் புற ஊதாக் கதிரை வாங்கித்தான் அப்படி ஒளிர்கிறது. ராத்திரியில் வாகன விளக்கில் அந்தக் கதிர் இல்லை என்றே சொல்லலாம், அதனால் அது சாதாரண மஞ்சள் சட்டைதான். அதில் தைத்திருக்கும், ஒளி திருப்பும் சாம்பல் நிறப் பட்டை மட்டும்தான் இரவில் வேலை செய்யும்.

ஓடுவதற்குத் தலை விளக்கு எல்லாருக்கும் முதலில் தோன்றுவது. எனக்கு இடுப்பில் அல்லது நெஞ்சில் மாட்டுவது பிடிக்கும். தலை விளக்கு உங்கள் கண்ணுக்கு மிக அருகில் இருப்பதால், கல்லுக்குப் பின்னால் விழும் நிழல் உங்கள் பார்வைக்கு மறைந்துவிடுகிறது. நிழல் தெரியவில்லை என்றால் மேடு பள்ளம் தெரியாது, தரை எல்லாம் தட்டையாகத் தோன்றும். ஒளி இடுப்பிலிருந்து வந்தால் சின்னக் கல்லுக்கும் நீளமான நிழல் விழும். சைக்கிளிலும் ஹேண்டில்பார் விளக்கு குழியைக் காட்டுவது இப்படித்தான். பனிமூட்டத்தில் தலை விளக்கு இன்னும் மோசம், கண்ணுக்கு முன்னால் வெள்ளைத் திரை கட்டிவிடும். தலையில் மாட்டினால் ஒரு நல்லது, திரும்பும் பக்கம் வெளிச்சமும் வரும். ஆனால் எதிரே வருபவரைப் பார்த்துத் தலையாட்டினால் அவர் கண்ணில்தான் அடிக்கும். தலை விளக்கே வேண்டும் என்றால் 200 லூமென் போதும், கீழே சாய்க்கும் வசதி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

பின்விளக்கைப் பொறுத்தவரை சிமிட்ட விடலாமா என்ற சண்டை முடியாது. ஜெர்மனியில் சைக்கிளில் சிமிட்டும் விளக்குக்கு அனுமதி இல்லை, பிரிட்டனில் 2005 முதல் உண்டு. என் கருத்து, சிமிட்டல் கவனத்தை இழுக்கும், ஆனால் நீங்கள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறீர்கள் என்று பின்னால் வருபவரால் சரியாகக் கணிக்க முடியாது. அதனால் சைக்கிளில் நிலையாக எரியும் சிவப்பு ஒன்று, சிமிட்ட வேண்டும் என்றால் தலைக்கவசத்தில் சின்னதாக இன்னொன்று. இரண்டு இருந்தால் ஒன்று அணைந்தாலும் கவலை இல்லை. பின்விளக்கு அணைந்தது ஓட்டுகிறவருக்குத் தெரியவே தெரியாது.

மழைக்கு, விளக்கு எவ்வளவு நீர் தாங்கும் என்று சொல்லும் ஐபிஎக்ஸ் எண்ணைப் பாருங்கள். ஐபிஎக்ஸ்4 என்றால் தெறிக்கும் நீரைத் தாங்கும், ஐபிஎக்ஸ்7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும். மட்கார்ட் இல்லாத சைக்கிளில் பின்விளக்குக்கு இரண்டாவது வகை நல்லது. சார்ஜ் செய்யும் துளையின் ரப்பர் மூடிதான் முதலில் பிய்ந்துபோகும் இடம், வாங்கும்போதே அதை இழுத்துப் பாருங்கள். அப்புறம் பொத்தான். பைக்குள் அழுந்தித் தானாக எரிந்து, சாயங்காலம் எடுக்கும்போது செத்துக் கிடக்கிற விளக்குகள் எனக்கு இரண்டு வாய்த்தன.

எது வாங்கினாலும் ஒரு இரவு இதைச் செய்யுங்கள். நீங்கள் வழக்கமாகப் போடும் சட்டை, மழைக்கோட்டு, பை எல்லாவற்றையும் வேறு யாரையாவது போட்டுக்கொள்ளச் சொல்லி, உங்கள் சைக்கிளில் உட்கார வைத்துவிட்டு, நீங்கள் 50 மீட்டர் பின்னால் போய் நின்று பாருங்கள். நான் பல மாதம் சீட்டுக்குக் கீழே பெருமையாகப் பின்விளக்கு எரியவிட்டு ஓட்டியிருக்கிறேன். என் தம்பியை உட்கார வைத்துப் பார்த்த அன்றுதான் தெரிந்தது, மழைக்கோட்டின் வால் அதை முழுக்க மூடிக்கொண்டிருந்தது. துணிக்குள்ளே ஒரு மங்கலான சிவப்பு, அவ்வளவுதான். மறுநாளே அதைக் கழற்றிக் கேரியரின் பின் நுனியில் மாட்டினேன்.